அண்ணியின் பச்சைக் கோட்டு

அந்தக் குடியிருப்பில் அவளுக்கு அண்ணி என்பதே பெயராகிப் போயிருந்தது. அதற்குக் காரணம் அவளுடைய நாத்தனார். கணவரின் தங்கையான அந்தப் பெண்ணை வீட்டில் எல்லோரும் சிட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் வாரம் தவறாமல் வருவாள். வந்தால் கீழே வாசலில் நின்றபடியே, "அண்ணீ, கதவத் திறந்து வைங்க, கை நிறைய சாமான்!" என்று மூன்றாம் மாடிக்குக் கேட்கும்படி குரல் கொடுப்பாள். கேட்டுக் கேட்டுப் பழகி, எதிர்வீட்டு வாத்தியார் முதல் தபால்காரர் வரை எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். அவள் வேலை பார்த்த மருத்துவமனை மருந்தகத்தில் மட்டும்தான் மேடம்.

சிட்டு கை நிறையக் கொண்டுவரும் சாமான் வேறொன்றுமில்லை, துணி. கடைத்தெருவில் மூன்று தளத்துக்கு எழும்பி நின்ற பெரிய துணிக்கடையில் அவள் விற்பனைப் பிரிவில் இருந்தாள். அங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தள்ளுபடி உண்டு. சீசன் மாறும்போதெல்லாம் பழைய சரக்கைத் தள்ளிவிட இன்னும் கூடுதல் தள்ளுபடி. சிட்டுவுக்கு மனசு பெரிசு. தனக்கு ஒன்று எடுத்தால் அண்ணிக்கு ஒன்று எடுக்காமல் இருக்கமாட்டாள். "உங்க கலருக்கு இது எப்படி எடுக்குது பாருங்க அண்ணி" என்று தோளில் வைத்துப் பார்க்கும்போது அந்த முகத்தில் தெரியும் சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அண்ணியும் சிரித்துக்கொண்டே வாங்கி அலமாரியில் மாட்டிவிடுவாள்.

அலமாரிக்கும் ஒரு பொறுமை உண்டு இல்லையா? ஒரு நாள் காலை, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அண்ணி அதன் கதவைத் திறந்து ஒரு சட்டையைப் பிடித்து இழுத்தாள். உள்ளே 'மடக்' என்று ஒரு சத்தம். துணி மாட்டும் கம்பி நடுவில் முறிந்து, அத்தனை துணியும் ஹேங்கரோடு அவள்மேல் சரிந்தது. அவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். கழுத்துவரை துணி.

பல் விளக்கிக்கொண்டிருந்த கணவர் வாய் நுரையோடு ஓடிவந்தார். நகரப் பேருந்து ஓட்டுகிறவர். ஒரு நிமிஷம் அந்தக் காட்சியைப் பார்த்தார்.

"நெரிசல் நேரத்துல என் பஸ்ஸுல கூட இவ்வளவு கூட்டத்த ஏத்த மாட்டேன்" என்றார்.

"சிரிக்காதீங்க. நேரமாச்சு. போட்டுக்க ஒண்ணும் இல்ல எனக்கு."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே காதில் விழுந்தது. கழுத்துவரை துணியில் முழுகிக்கொண்டு, போட்டுக்க ஒன்றுமில்லை என்கிறாள். ஆனால் அது பொய்யும் இல்லை. கையில் வந்ததை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். ஒன்று, இரண்டே தோய்ப்பில் சுருங்கிவிட்டது. ஒன்றின் தையல் பல்லிளித்தது. ஒரு கோட்டில் பாக்கெட் மாதிரி ஒரு மூடி இருந்தது. தூக்கிப் பார்த்தால் உள்ளே பாக்கெட்டே கிடையாது, சும்மா அழகுக்கு. மருந்தகத்தில் நாள் முழுக்க காலாவதித் தேதி பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறவள் அவள். இந்தத் துணிகளுக்கும் அப்படி ஒரு தேதி எங்காவது அச்சடித்திருப்பார்களோ, நான்தான் கவனிக்கவில்லையோ என்று நினைத்துக்கொண்டாள். எல்லாவற்றுக்கும் மேலே, அதில் எதுவுமே அவள் தேடி, விரும்பி எடுத்தது இல்லை.

அந்த வாரக் கடைசியில் கணவரும் அவளுமாகப் பைகளில் துணியைத் திணித்தார்கள். மருத்துவமனைக்குப் பின்பக்கத் தெருவில், பூட்டு ரிப்பேர் கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவில் ஒரு பழைய துணிக் கடை இருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் அவள் வேலைக்குப் போவாள். உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

கடைக்காரர் ஆள் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற அளவுக்கு இருந்தார். குரல் மட்டும் பூனைக்குட்டிக்கு இருப்பது போல. பையிலிருந்து ஒவ்வொரு துணியாக எடுத்து, வெளிப்பக்கத்தைப் பார்க்காமல், முதலில் உள்பக்கத்தைத் திருப்பினார். எடுத்துக்கொண்டது பாதி, மீதியை அவளிடமே தள்ளினார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. இதெல்லாம் இன்னொருத்தர் போடற வரைக்கும் தாங்காது."

"இதுல நிறைய புதுசு சார். ஒரு தடவ கூடப் போடல."

"புதுசுதான். அதான் பிரச்சினையே."

தள்ளிய துணியைப் பையில் போட அவள் திரும்பினாள். அப்போதுதான் அதைப் பார்த்தாள். ஓரத்தில் மாட்டியிருந்த ஒரு கோட்டு. நனைந்த இலையின் கரும்பச்சை. கெட்டியான கம்பளித் துணி, அகலமான காலர், பழுப்பு நிறப் பெரிய பொத்தான்கள். இடது கையின் பொத்தான் ஒன்று மட்டும் வேறு ஜாதி. யாரோ தொலைத்துவிட்டு, கிட்டத்தட்ட அதே நிறத்தில் தேடிப்பிடித்துத் தைத்திருந்தார்கள். முழங்கைப் பக்கம் இழை தேய்ந்த இடத்தில் அதே நிற நூலால் நெய்தது போல இழையோட்டியிருந்தது.

போட்டுப் பார்த்தாள். தோள்பட்டை அவள் தோளில் வந்து உட்கார்ந்தது. கை மணிக்கட்டில் சரியாக நின்றது. இரண்டு பக்கமும் கையை விட்டாள்; முழங்கை வரை இறங்கும்போல ஆழமான பாக்கெட். உள்ளே கோடு போட்ட வழவழப்பான உள்துணி, அதிலும் ஒரு ரகசியப் பாக்கெட். கண்ணாடியில் பார்த்தால், அங்கே நின்றவள் இவளைவிடக் கொஞ்சம் நிமிர்ந்து நின்றாள்.

"ரொம்ப நாளா ஆள் தேடிக்கிட்டு இருந்துச்சு" என்றார் கடைக்காரர், மெல்லிய குரலில். "போட்டுப் பாக்குறவங்களுக்கெல்லாம் ஒண்ணு கை நீளம், இல்லாட்டி தோள் தொங்கும்."

கொடுத்த பைகளுக்கு ஈடாக அவள் அந்தக் கோட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வழியெல்லாம் பாக்கெட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. கடைக்காரர் தள்ளிய மீதியைக் கணவர்தான் சுமந்துவந்தார்; அது பிறகு அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்குப் போனது.

அதன்பிறகு அவளுக்கு அது ஒரு பழக்கமாகிவிட்டது. வேலை முடிந்து வரும்போது கடைக்குள் எட்டிப் பார்ப்பாள். எல்லா நாளும் வாங்கமாட்டாள். பெரும்பாலும் சும்மா பார்த்துவிட்டு வருவாள். அப்படித் துழாவியதில்தான் தனக்கு என்ன பிடிக்கும் என்பதே அவளுக்குப் பிடிபட்டது. அத்தனை வருஷமும் வெளிர் நிறம்தான் தனக்கு எடுக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தாள். இல்லை, அவளுக்கு அழுத்தமான நிறம்தான் எடுத்தது. இறுக்கமானதைவிட இடுப்பில் மடிப்பு வைத்த அகலப் பாவாடை பிடித்தது. ஆண்களுக்குத் தைத்த ஒரு சாம்பல் நிற மேல்சட்டையை வாங்கி, கையை மடித்துவிட்டுப் போட்டாள். பொத்தான் தைக்கக் கற்றுக்கொண்டாள். விரலில் ஊசி குத்தாமல் தைக்க அதற்கப்புறம்தான் கற்றுக்கொண்டாள். அலமாரிக்குப் புதுக் கம்பி போட்ட கணவர், அதில் தொங்கியதைப் பார்த்துவிட்டு, "இப்ப எல்லாரும் உக்காந்து போகலாம்" என்றார்.

மருந்தகத்தில் வெள்ளை மேலங்கியைக் கழற்றிவிட்டு அவள் பச்சைக் கோட்டை மாட்டும்போது, மருந்துக்கு வரிசையில் நிற்கிறவர்கள்கூட ஒரு பார்வை பார்த்தார்கள். மாதாமாதம் வரும் ஒரு பெரியவர், "டாக்டரம்மா வேற எங்கயோ கிளம்பிட்டாங்க போலிருக்கே" என்றார். அவள் டாக்டர் இல்லை, வீட்டுக்குத்தான் கிளம்பினாள். ஆனாலும் அன்றைக்கு முழுக்க அவளுக்கு நடை கொஞ்சம் மிதப்பாக இருந்தது.

எல்லாம் நல்லபடியாகத்தான் போனது, சிட்டு அலமாரியைத் திறக்கும் வரை.

வழக்கம்போல ஒரு பையோடு வந்திருந்தாள். அதை மாட்டி வைக்கலாம் என்று அவளே போய்க் கதவைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணி... துணியெல்லாம் எங்க?"

அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். எப்படிச் சொல்வது என்று நாளைத் தள்ளிக்கொண்டே வந்ததன் பலன். மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னாள். கம்பி முறிந்தது, பை கட்டியது, கடை, கோட்டு. சிட்டுவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொங்கிப்போனது.

"நான் குடுத்தத எல்லாம் தூக்கிப் போட்டுட்டு, எவளோ போட்டுக் கழட்டினதையா போட்டுக்கிறீங்க?"

"தூக்கிப் போடலடி, குடுத்துட்டேன். வைக்க இடமில்ல."

"யார் உடம்புல கிடந்ததோ! உங்களுக்கு அருவருப்பா இல்ல?"

கூடத்தில் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்த கணவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "பஸ் சீட்டுல மட்டும் யாரும் உக்காராத சீட்டாப் பாத்தா உக்கார்றே?" என்றார்.

"அண்ணா, நீ பேசாத!"

சிட்டுவின் கண்ணில் நீர் முட்டிவிட்டது. அவளுக்கு வலித்தது துணி போனதற்காக இல்லை என்பது அண்ணிக்கு அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு துணியையும் அவள் கடையில் நின்று, இது அண்ணிக்கு, இது அண்ணிக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கிறாள். நாள் பூராவும் முகம் தெரியாதவர்களுக்கு எடுத்துக் காட்டுகிறவள், இதை மட்டும் ஆசைப்பட்டு எடுத்திருக்கிறாள். ஏதாவது சமாதானம் சொல்வதற்குள் சிட்டு பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

அடுத்த வாரம் கீழேயிருந்து குரல் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. எதிர்வீட்டு வாத்தியாரே, "என்ன அண்ணி, சத்தத்தையே காணோம்?" என்று கேட்டுவிட்டார்.

இனியும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று ஒரு மழை நாளில் அண்ணியே துணிக்கடைக்குக் கிளம்பினாள். பச்சைக் கோட்டுதான் போட்டிருந்தாள். அந்த மழைக்கு வேறெதுவும் தாங்காது. கழுத்தில் ஒரு மஞ்சள் கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டாள். அது சிட்டு முதல் சம்பளத்தில் வாங்கித் தந்தது. எதைக் கொடுத்தாலும் அதைக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

கடையில் அத்தனை விளக்கு. சிட்டு இரண்டாம் தளத்தில் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளத்தான் பார்த்தாள். அதற்குள் மஞ்சள் துணி கண்ணில் பட்டுவிட்டது.

"இத மட்டும் ஏன் வச்சிருக்கீங்க?" என்றாள், அடுக்கிய சட்டையையே மறுபடி அடுக்கிக்கொண்டு.

"உன் முதல் சம்பளம்டி. இத யாருக்குக் குடுப்பேன்?"

சிட்டுவின் முகத்தில் இறுக்கம் விட்டுப்போனது. "நனைஞ்சிட்டீங்களா?" என்று கேட்டு, தோளில் நின்ற மழைத்துளியைத் தட்டிவிட்டாள். அவ்வளவுதான், சமாதானம் ஆகிவிட்டது. அத்தோடு விட்டிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஒரு நிமிஷம். அந்தக் கோட்டு எங்க வாங்கினீங்க?"

கடை மேனேஜர் அம்மா. நரைத்த முடியை ஒட்ட வெட்டி, கறுப்பு உடுப்பில் விறைப்பாக நிற்கிறவர். அவர் சிரித்துப் பார்த்ததில்லை என்று சிட்டு பலமுறை சொல்லியிருக்கிறாள். அவர் அண்ணியைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். காலரைத் தொட்டார். தோளோடு கை சேரும் இடத்தில் தையலை விரலால் தடவினார்.

அண்ணி வாயைத் திறப்பதற்குள் சிட்டு முந்திக்கொண்டாள். எங்கிருந்து வந்ததோ அந்தப் பொய், அவளுக்கே தெரியாது.

"அது... அண்ணியோட தம்பி அனுப்பினது மேடம். வெளிநாட்டுல இருக்காரு. டிசைனர்."

அண்ணி திருதிருவென்று விழித்தாள். அவளுக்கு ஒரே ஒரு தம்பி. அவன் இருப்பது இரண்டு தெரு தள்ளி. குழாய் ரிப்பேர் செய்கிறவன்.

"அப்படியா!" என்றார் மேனேஜர் அம்மா. "இந்த மாதிரி வெட்டு இப்ப யாருமே செய்யறதில்ல. நான் இத நிதானமாப் பாக்கணும். ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வரலாமா?"

கேள்வி மாதிரிதான் இருந்தது. ஆனால் அவர் கேட்டால் அது கேள்வி இல்லை என்பது அந்தத் தளம் முழுக்கத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சிட்டு வந்து நின்றாள். கீழேயிருந்து குரல்கூடக் கொடுக்கவில்லை.

"அண்ணி, இந்த ஒரு தடவ காப்பாத்திடுங்க. பழைய துணின்னு சொல்ல எனக்கு வாய் வரல. அத்தன பேர் நிக்கிறாங்க, பூராப் புதுத்துணிக்கு நடுவுல..."

"நான் பொய் சொல்லமாட்டேன் சிட்டு. சொல்லவும் வராது. மருந்து கசக்குமான்னு சின்னக் குழந்தை கேட்டாக்கூட கசக்கும்னுதான் சொல்லித் தொலைக்கிறேன்."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். சும்மா சிரிச்சுக்கிட்டே நில்லுங்க. தம்பியப் பத்திக் கேட்டா நான் பாத்துக்கிறேன். தூர தேசத்துல இருக்கிறவரப் பத்தி என்ன கேட்டுடப் போறாங்க?"

அந்த நேரம் பார்த்து, சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியிலிருந்து 'டொங்' என்று ஒரு சத்தம் கேட்டது. சிட்டு குனிந்து பார்த்தாள். இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"யாரு அது?"

"என் தம்பிதான்" என்றாள் அண்ணி. "முந்தாநாள்லருந்து குழாய் ஒழுகுது. இன்னிக்குத்தான் வர முடிஞ்சுது அவனுக்கு."

சிட்டுவுக்குப் பேயறைந்தது போலாயிற்று. "கிளப்பி விடுங்க, கிளப்பி விடுங்க!" என்று அவள் பதறிக்கொண்டிருக்கும்போதே அழைப்புமணி அடித்தது. கணவர் போய்க் கதவைத் திறந்தார். யாரும் அவருக்கு எதுவும் சொல்லி வைக்கவில்லை.

மேனேஜர் அம்மா உள்ளே வந்து உட்கார்ந்தார். கோட்டை மடியில் போட்டுக்கொண்டு, உள்துணியைத் திருப்பி, தையலை எண்ணுவது போல உற்றுப் பார்த்தார். பாக்கெட்டுக்குள் கையை விட்டவர் கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

"எங்க டிசைன்ல எல்லாம் பாக்கெட்ட எடுத்துட்டாங்க. துணி மிச்சமாம். வெறும் மூடிய மட்டும் தச்சு ஏமாத்தறோம்" என்றார். அவர் குரல் அவருக்கே சொல்லிக்கொள்வது போல இருந்தது.

அப்போதுதான் சமையலறையிலிருந்து தம்பி வெளியே வந்தான். கையில் ஒரு பெரிய ஸ்பானர், நெற்றியில் கரி.

"யாரு இது?" என்றார் மேனேஜர் அம்மா.

"என் மச்சான். இவளோட தம்பி" என்றார் கணவர், பெருமையாக.

"ஓ. எத்தன தம்பி இவங்களுக்கு?"

"ஒரே ஒரு தம்பிதாங்க."

மேனேஜர் அம்மா தம்பியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "அப்ப அந்த வெளிநாட்டு டிசைனர்..."

சிட்டு கையைப் பிசைந்தாள். அண்ணி, அவள் சொல்லிவைத்தபடி சிரித்துக்கொண்டே நின்றாள், கன்னம் வலித்தது. தம்பி மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு விஷயம் முழுக்கப் புரியவில்லை. ஆனால் சிட்டு கண்ணாலேயே கும்பிடுவது புரிந்தது. அவன் குறும்புக்காரன், சின்ன வயசிலிருந்தே.

"நான்தாங்க" என்றான். "நேத்துதான் வந்தேன்."

"வந்ததும் வராததுமா குழாய் ரிப்பேரா?"

"கை சும்மா இருக்காதுங்க நமக்கு."

மேனேஜர் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "உங்க வேலையில எத முக்கியமாப் பாப்பீங்க?"

"ஃபிட்டிங்" என்றான் தம்பி, யோசிக்காமல். "எல்லாம் ஃபிட்டிங்தாங்க. அளவு அரை நூல் தப்பினாலும் போச்சு. பாக்க அழகா இருக்கும், ஆனா வாரம் போறதுக்குள்ள ஒழுக ஆரம்பிச்சிடும்."

"ஒழுகுமா?"

"ஒழுகும்னா... தொங்கும். தொளதொளன்னு."

"ம். மெட்டீரியல்?"

"அந்தக் காலத்துல போட்டது ஒவ்வொண்ணும் இரும்பு மாதிரி. இப்ப எங்க பாத்தாலும் பிளாஸ்டிக்குங்க."

"ரொம்பச் சரி" என்று மேனேஜர் அம்மா பெருமூச்சு விட்டார். "நூலே பிளாஸ்டிக்தான் இப்ப. தைரியமா யாரும் சொல்றதில்ல. ஜாயின்ட் எல்லாம் எப்படிப் போடுவீங்க? கையாலயா, மெஷினா?"

"ஜாயின்ட்டுக்குக் கைதாங்க. நல்லா முறுக்கி, நூல் சுத்தி, மேல ஒரு பூச்சு பூசி விட்டா, தண்ணி சொட்டாது."

கணவருக்குச் சிரிப்பு தாங்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. இன்னும் என்னென்ன சொல்லியிருப்பானோ தெரியாது. தம்பி பாதியில் விட்டுவிட்டு வந்த ஜாயின்ட், அதற்குமேல் பொறுக்கவில்லை. சமையலறையில் 'புஸ்' என்று சத்தம். தொட்டிக்கு அடியிலிருந்து தண்ணீர் சீறிக்கொண்டு கூடத்துவரை வந்தது.

"மெயின் வால்வ மூடு அக்கா!" என்று கத்திக்கொண்டே தம்பி தரையில் சறுக்கிப் போய் விழுந்தான். அண்ணி குளியலறைக்கு ஓடினாள். கணவர் துடைக்கும் துணியைத் தேடினார். மேனேஜர் அம்மா நாற்காலிமேல் ஏறி, ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் பச்சைக் கோட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். தம்பி தொட்டிக்கு அடியில் படுத்து, கண்மூடித் திறப்பதற்குள் ஜாயின்ட்டை முறுக்கி நிறுத்தினான். தண்ணீர் நின்றது. ஈரத்தில் எல்லோரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

"வெளிநாட்டுல டிசைனருக்கு இதெல்லாம் கூட சொல்லித் தராங்களா?" என்றார் மேனேஜர் அம்மா நாற்காலிமேல் இருந்தபடியே.

அண்ணி சொல்லிவிடுவது என்று தீர்மானித்து ஒரு அடி முன்னால் வைத்தாள். ஆனால் சிட்டு அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, தானே முன்னால் வந்தாள்.

"மேடம், நான் பொய் சொல்லிட்டேன். இவரு பிளம்பர். ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்காரு. அந்தக் கோட்டு பழைய துணிக் கடையில அண்ணி வாங்கினது. யாரு தச்சதோ, யாரு போட்டதோ, தெரியாது. நம்ம கடையில நின்னுக்கிட்டு அதச் சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு. அவ்வளவுதான்."

மேனேஜர் அம்மாவின் தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாரோ என்று சிட்டு பயந்துபோனாள். அழவில்லை; சிரித்தார். சிரிப்பென்றால் சாதாரணச் சிரிப்பு இல்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இறங்கி, அதிலேயே உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "தண்ணி சொட்டாதாம்!" என்று சொல்லிவிட்டு மறுபடி சிரித்தார். அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே அன்றுதான் சிட்டுவுக்குத் தெரிந்தது.

"எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தேகம்தான்" என்றார் கடைசியில். "இழையோட்டின இடத்தப் பாத்தேனே. புதுக் கோட்டுக்கு யாரு இழையோட்டுவா? சரி, அந்தக் கடை எங்க இருக்கு? இன்னிக்குத் திறந்திருக்குமா?"

தரையைத் துடைத்துவிட்டு எல்லோருமாகவே கிளம்பினார்கள். பழைய துணிக் கடைக்காரர் தன் பூனைக்குட்டிக் குரலில் வரவேற்றார். மேனேஜர் அம்மா நேரே ஆண்கள் பகுதிக்குப் போய், கோட்டுகளை ஒவ்வொன்றாக உள்பக்கம் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார். கடைக்காரர் தன்னைப் போல இன்னொரு ஆளைக் கண்ட மகிழ்ச்சியில் பின்னாலேயே போனார். தம்பிக்கு ஒரு ரோஜா நிறச் சட்டை பிடித்துவிட்டது. "குழாய்க்கு அடியில படுக்கிறவனுக்கு எதுக்குடா இந்தக் கலர்?" என்று கணவர் கேட்டதற்கு, "நான் டிசைனர், மாமா" என்றான்.

சிட்டு மட்டும் கையைக் கட்டிக்கொண்டு வாசல் பக்கமே நின்றாள். எதையும் தொடவில்லை. அண்ணி அவளைக் கூப்பிடவும் இல்லை, வற்புறுத்தவும் இல்லை. தன்பாட்டுக்குப் பாவாடைகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் கடைக்குள் ஒருவர் வந்தார். ஏதோ நேர்முகத் தேர்வுக்குப் போகவேண்டும் போல. ஒரு சாம்பல் கோட்டைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தார், கழற்றினார், மறுபடி போட்டார், அசட்டுத்தனமாகச் சுற்றுமுற்றும் பார்த்தார். சிட்டுவால் அதைச் சகிக்க முடியவில்லை. கட்டிய கை தானாக அவிழ்ந்தது.

"சார், அது உங்களுக்குத் தோள்ல நிக்கல. கழட்டுங்க. இந்த நீலத்தப் போடுங்க. ம், திரும்புங்க. பாருங்க, எப்படி உக்காருது! துணியத் தொட்டுப் பாருங்க, இந்தக் கனம் இப்பப் புதுசுல கிடைக்கவே கிடைக்காது. பாக்கெட்டுக்குள்ள கைய விடுங்க. நிஜப் பாக்கெட் சார்!"

அவர் கையை விட்டார். முகம் மலர்ந்தது. வாங்கிக்கொண்டு போயே போய்விட்டார். கடைக்காரர் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நீலக் கோட்டு எத்தனை நாளாக அங்கே தொங்கியதென்று அவருக்கே நினைவில்லையாம்.

"இதுவரைக்கும் நான் சொன்னதுல இது ஒண்ணுதான் முழு உண்மை" என்று சிட்டு அண்ணியின் காதில் சொன்னாள். சொல்லிவிட்டு, அங்கே தொங்கிய ஒரு செங்கல் நிறக் கவுனைப் பார்த்தாள். பார்க்காதது போல நகர்ந்தாள். மறுபடி வந்தாள். தொட்டுப் பார்த்தாள். உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள்.

"சோப்பு வாசனைதான் வருது" என்றாள், ஏமாந்தவள் போல.

"போட்டுத்தான் பாரேன்."

போட்டுக்கொண்டு வெளியே வந்தவளை அண்ணி ஓரடி பின்னால் போய் மேலும் கீழும் பார்த்தாள். இத்தனை வருஷமும் கடையில் அந்தந்த மாதம் என்ன தொங்கியதோ அதைப் போட்டுக்கொண்டிருந்த பெண், முதல்முறையாக அவளாகவே தெரிந்தாள். சிட்டு கண்ணாடிமுன் ஒரு சுற்று சுற்றினாள். கவுன் விரிந்து அமர்ந்தது.

"என் கலருக்கு எடுக்குதா அண்ணி?" என்றாள்.

"தூக்குதுடி."

சிட்டு வேலையை விடவில்லை. அந்தக் கடை இன்றும் சீசனுக்கு ஒரு தரம் புதுச் சரக்கை இறக்கிக்கொண்டுதான் இருக்கிறது. கடையில் ஒரு ஓரம் பழைய துணிக்கு ஒதுக்கலாம் என்று மேனேஜர் அம்மா மேலிடத்துக்கு எழுதிக் கேட்டதற்கு, முடியாது என்று ஒரே வரியில் பதில் வந்தது. அவர் அசரவில்லை, அடுத்த கோட்டுக்கு நிஜப் பாக்கெட் வைத்தே தீரவேண்டும் என்று சண்டை போட்டு, அதில் மட்டும் ஜெயித்தார். வாங்க வருகிறவர்களிடம் சிட்டு இப்போது, "உள்பக்கம் திருப்பிப் பாத்துட்டு எடுங்க" என்று சொல்கிறாள். சில பேர் அதைக் கேட்டு எடுக்காமலே போய்விடுகிறார்கள். எடுக்கிறவர்கள் திரும்பி வந்து அவளைத்தான் தேடுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதும் கீழேயிருந்து குரல் வருகிறது. கையில் சாமான் இல்லை.

"அண்ணீ, கிளம்பிட்டீங்களா? நமக்கு முன்னாடி யாராவது போய் நல்லதையெல்லாம் எடுத்துடப் போறாங்க!"

"வந்துட்டேன்டி, கத்தாத!" என்று அண்ணி மேலேயிருந்து பதிலுக்குக் கத்துகிறாள். எதிர்வீட்டு வாத்தியார் கதவைத் திறந்து, "எங்க அண்ணி, நானும் வரலாமா? எனக்கும் ஒரு கோட்டு வேணும்" என்று கேட்கிறார். படியிறங்கும் அவசரத்தில் அண்ணி வரச்சொல்லிக் கையை ஆட்டுகிறாள். வாத்தியார் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் பின்னாலேயே இறங்குகிறார்.